முடக்குவாதம் உள்ள அம்மாவுக்கு நாலு நாள் மலச்சிக்கல், அஞ்சாம் நாள் ஒரே போக்கு – எங்கிருந்து சரிபண்றது?

திருமங்கலத்துக்காரி

அம்மாவுக்கு 63 வயசு. ருமட்டாய்டு முடக்குவாதம், அதோட ரெண்டு முழங்காலும் தேய்மானம். சர்க்கரையும் பிரஷரும் இருக்கு. மூணு நாலு நாள் வெளிக்கே போறதில்ல, வயிறு உப்பிக்கிட்டு சாப்பாடு இறங்க மாட்டேங்குது. அப்புறம் ஒருநாள் தண்ணியா அஞ்சாறு தடவை போகுது. கக்கூஸ் போய்ச் சேர்றதுக்குள்ள சேலை வீணாயிடுது.

மாத்திரை விவரம்: ஞாயித்துக்கிழமை மட்டும் மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. வாரத்துல ரெண்டு நாள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200, கால்சியம் 500, இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒண்ணு. காலையில வெறும் வயித்துல பாண்டோபிரசோல். மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை. பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது. போன மாசத்துல இருந்து முழங்கால் வலிக்கு டிராமடால், பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை காலையும் ராத்திரியும்.

வீட்டுக் கக்கூஸ் கொல்லையில, குத்தவச்சு உக்கார்ற மாதிரி. உக்கார்ந்தா எந்திரிக்க ஆள் வேணும். அதனால அடக்கிக்கிட்டே இருக்காங்க, தண்ணியும் குறைச்சுட்டாங்க. விரல் மடங்கிப் போனதால மக் பிடிச்சுக் கழுவுறதும் சிரமம். இசப்கோல் அரை டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் கொடுத்தோம், உப்புசம் கூடிடுச்சு. போக்குக்கு மருந்துக்கடையில லோபரமைடு கொடுத்தாங்க. நின்னுச்சு, மறுபடி நாலு நாள் கட்டிக்கிச்சு. முதல்ல எதைச் சரிபண்ணணும்?

பனகல்ரோடு பார்மசி

தங்கச்சி, முதல் வேலையா அந்த லோபரமைடை எடுத்து உள்ளே வையுங்க. நீங்க எழுதியிருப்பதைப் பார்த்தால் இது மலச்சிக்கல் ஒன்று, போக்கு ஒன்று என்று இரண்டு நோய் இல்லை. ஒன்றேயாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். ஆசனவாய்க்கு மேலே மலம் இறுகி அடைத்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் சேரும் திரவம் அடைப்பின் ஓரமாகக் கசிந்து தண்ணீராக வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வயிற்றுப்போக்கு மாதிரியேதான் இருக்கும். அதை நிறுத்த மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். வயதானவர்களிடம் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, டாக்டரோ நர்ஸோ கையுறை போட்டு விரலால் சோதித்துப் பார்ப்பது. ஒரு நிமிட வேலை. கூச்சப்பட்டு இதைத் தள்ளிப் போடுவதால்தான் பாதிப் பேர் மாதக்கணக்கில் இழுபடுகிறார்கள்.

அடைப்பு உறுதியானால் முதலில் அதை இளக்கி வெளியேற்ற வேண்டும். கிளிசரின் சப்போசிட்டரி 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும். அதற்கு மேலே இருந்தால் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். இதன் தினசரி அளவு 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில். அடைப்பை எடுக்க அளவைக் கூட்டித் தருவார்கள், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாங்கும்போது கவனம்: கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) முந்தின நாள் 2 லிட்டரில் கலந்து குடிக்கும் பெரிய பாக்கெட்டும் இதே மருந்துப் பெயரில்தான் வரும். மாற்றி வாங்கிவிடாதீர்கள். கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவை வீட்டில் நீங்களாகப் போட வேண்டாம். அம்மா வயதில், டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

அடுத்து மாத்திரை அட்டைகள். சிக்கலின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

டிராமடால் குடலின் அசைவையே மெதுவாக்கும். இந்த வகை மருந்துக்கு மயக்கம், குமட்டல் எல்லாம் பழகிப் போகும். மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது. அதனால் இதை எழுதும்போதே கூடவே மலமிளக்கியும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். முழங்கால் தேய்மான வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் மேலே தடவுவது, பாராசிட்டமால் மட்டும் தனியாகக் கொடுப்பது என்று மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரையிலேயே பாராசிட்டமால் இருக்கிறது, அதன் மேலே இன்னொன்றைச் சேர்த்துவிடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்குக் கல்லீரல் கணக்கும் பார்க்க வேண்டும்.

இரும்பும் கால்சியமும் இரண்டுமே கட்டும். ரத்த அளவு இப்போது எவ்வளவு, இரும்பு இன்னும் தேவையா, ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமா என்று கேளுங்கள். கால்சியம் கார்பனேட் என்றால் சிட்ரேட்டாக மாற்றலாம். பாண்டோபிரசோல் சாப்பிடுகிறவர்களுக்குக் கார்பனேட் சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் கொடுக்கக் கூடாது; இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பிலுள்ள நீரை இழுக்கும். அம்மா தண்ணீரையும் குறைத்துவிட்டால் குடல் மலத்திலிருந்து கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக்கொள்ளும்.

எதிர்ப்பக்கம், மெட்ஃபார்மினும் மெத்தோட்ரெக்சேட்டும் இளக்கும். மெட்ஃபார்மினை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கொடுங்கள், அல்லது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட்தான் காரணமா என்று பார்க்க ஒரு வழி: சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியின் தாளைக் கிழித்துப் போடாமல் அதிலேயே எழுதுங்கள். என்ன மாத்திரை, எத்தனை தடவை போனது, ஆட்டுப்புழுக்கையாகவா, கட்டியாகவா, கூழாகவா, தண்ணீராகவா. நாலு வாரத் தாளை வரிசையாக வைத்துப் பாருங்கள். போக்கு எப்போதும் திங்கள், செவ்வாயில் மட்டும் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாத்திரைதான். அதற்கு வழி உண்டு: ஃபோலிக் ஆசிட்டைக் கூட்டுவது, அதே நாளில் இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது, தோலுக்கடியில் ஊசியாகப் போடுவது. கிழமை எதிலும் சேராமல் நாலைந்து நாள் கட்டிய பிறகே வந்தால், மேலே சொன்ன கசிவுதான்.

தைராய்டு டி.எஸ்.எச். பார்த்து எவ்வளவு நாளாச்சு? முடக்குவாதம் உள்ளவர்களுக்கு தைராய்டு குறைவும் சேர்ந்து வருவது சகஜம். அதுவும் வயிற்றைக் கட்டும்.

கேப்பைக்கூழ்

பார்மசி அண்ணன் சொன்னதை ஒட்டியே ஒன்று. நார்ச்சத்து, நார்ச்சத்து என்று எல்லோரும் சொல்வார்கள். அடைப்பு இருக்கும்போது நார்ச்சத்தைக் கூட்டினால் அடைத்த சாக்கடையில் மேலும் வைக்கோல் போட்ட கதைதான். முதலில் வழி திறக்கட்டும். டிராமடால் ஓடிக்கொண்டிருக்கும் வரை இசப்கோலும் வேண்டாம். அது தண்ணீரை இழுத்து ஊதி, குடலைத் தள்ளச் சொல்லும் பொருள். குடல் தூங்கிக்கொண்டிருந்தால் ஊதியது அங்கேயே நிற்கும்.

பின்னால் இசப்கோல் தேவைப்பட்டால்: ஒரு டீஸ்பூனுக்கு 250 மில்லி, அதாவது பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். கலக்கியதும் குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் கொழகொழவென்று ஆகிவிடும். மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். படுக்கப் போகும் நேரத்தில் கொடுக்கக் கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. வாய் வறட்சியும் விழுங்கச் சிரமமும் இருந்தால் இசப்கோலே வேண்டாம். முடக்குவாதத்தோடு வாய், கண் வறட்சி சேர்ந்து வருவது உண்டு, அவர்களுக்கு அது தொண்டையில் சிக்கும்.

சாப்பாட்டில், நம் பக்கத்துக் கணக்கு காலையில் இட்லி, மதியம் வெள்ளைச்சோறு, இரவு மறுபடி இட்லி. பற்கள் சரியில்லாதவர்கள் காய் தொடுவதும் இல்லை. மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். முதல் வாரம் காலை இட்லிக்குப் பதில் கேப்பைக்கூழ் அல்லது கேப்பைத் தோசை. அடுத்த வாரம் மதியம் ஒரு கரண்டி கீரைக் கடைசல். அதற்கடுத்து சாயங்காலம் அரைக் கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டல், குழைய வேகவைத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் காற்றுப் பிரிந்து வலித்து, மூன்றாம் நாளே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். சர்க்கரை இருப்பதால் பழத்துக்குக் கொய்யா நல்லது, கனிந்தது. விதை பல்லில் மாட்டினால் வேகவைத்து மசித்து வடிகட்டலாம், நார் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வாழைப்பழம் என்றால் தோலில் கரும்புள்ளி விழுந்ததாக அரைப் பழம். சரியாகப் பழுக்காத பழம் கட்டிவிடும். சிறுமலைப் பழம் கிடைத்தால் அதுவே போதும், சிறியதாக ஒன்று.

விரல் மடங்கிப் போன அம்மாவைக் கீரை ஆயவும் அவரைக்காய் நறுக்கவும் உட்கார வைத்தால் இந்தத் திட்டம் நாலு நாள் தாங்காது. சுரைக்காய், பீர்க்கங்காய் மாதிரி பெரிய துண்டாக வெட்டிக் குக்கரில் போடக்கூடிய காய்களாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: இதயம், சிறுநீரகத்துக்காகக் கட்டுப்பாடு எதுவும் சொல்லாதவரையில் ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர். சித்திரை, வைகாசி வெயிலில் இன்னும் கூடுதலாக. “குடிங்கம்மா” என்று சொன்னால் குடிக்க மாட்டார், ஏனென்றால் குடித்தால் எழுந்து போக வேண்டுமே. அந்தப் பயம் தீராமல் தண்ணீர்க் கணக்கு தேறாது. அதனால் அடுத்துப் பேச வேண்டியது கக்கூஸைப் பற்றி. ரசமட்டம் அண்ணே, வாங்க.

வடக்குமாசி

ஜிகர்தண்டா ஒண்ணு குடிச்சா சூடு தணிஞ்சு தானா போகும்னு எங்க தெருவுல சொல்வாங்களே, அது சரியா?

கேப்பைக்கூழ்

அதில் இருப்பது சுண்டக் காய்ச்சிய பால், சர்க்கரைப்பாகு, ஐஸ்கிரீம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கட்டாயம் போகும், சூடு தணிந்ததால் இல்லை, பால் சர்க்கரை செரிக்காததால். சர்க்கரை உள்ள அம்மாவுக்கு இது மருந்தில்லை சாமி. நீங்க குடிங்க.

ரசமட்டம்

வந்துட்டேன்.

குத்தவைக்கும் கக்கூஸை உடைத்து வெஸ்டர்ன் போட இன்றே ஆள் கூப்பிட வேண்டாம். முதலில் மலிவான வழி: பேசின் மேலே வைக்கிற கமோடு ஸ்டூல். நாலு கால், நடுவில் ஓட்டை, இரண்டு பக்கமும் கைப்பிடி. மதுரை பெரியாஸ்பத்திரி எதிரே பனகல் ரோட்டுப் பக்கம் சர்ஜிகல் கடைகளில் உட்கார்ந்து பார்த்தே வாங்கலாம்.

உயரம்தான் முக்கியம். அம்மாவைச் செருப்போடு நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலின் பின் மடிப்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அதோடு 2 அங்குலம் சேருங்கள். 16 வந்தால் இருக்கை 18. இதைவிடத் தாழ்ந்தால் எழ முடியாது. இதைவிட உயர்ந்தால் பாதம் தரையில் படாமல் தொங்கும், முக்கத் தாங்கல் கிடைக்காது. காலில் பட்டன் வைத்து உயரம் மாற்றும் வகையாக வாங்குங்கள். நாலு காலும் ஒரே ஓட்டையில் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஸ்டூலோடு விழுந்தவர்களில் பலர், ஒரு கால் மட்டும் ஒரு ஓட்டை கீழே இருந்ததால் விழுந்தவர்கள்தான்.

இரண்டாவது தப்பு, பேசினின் கால் வைக்கும் மேடு. ஸ்டூல் கால் அதன் மேலே ஏறி நின்றால் ஆடும். கால்களின் அகலம் மேட்டுக்கு வெளியே விழ வேண்டும். வாங்கப் போகும் முன் பேசினின் அகலத்தையும், சுவருக்கும் அதற்கும் உள்ள இடைவெளியையும் அளந்து போங்கள். மூன்றாவது, தெறிப்பு. இருக்கைக்கும் பேசினுக்கும் ஒன்றரை அடி இருப்பதால் தரையெல்லாம் நனையும், பிறகு அந்த ஈரத்திலேயே வழுக்கும். இருக்கைக்குக் கீழே புனல் மாதிரி இறங்கும் அடைப்பு உள்ள மாடலாகப் பாருங்கள். கால் அடியில் ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

சுவர்க் கைப்பிடி: துண்டு போடும் கம்பியை நம்பவே வேண்டாம், அது டைல்ஸோடு பிடுங்கிக்கொண்டு வரும். கிராப் பார் என்றே கேட்டு வாங்குங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகிற நீளத்துக்கு ஆங்கர் போல்ட் போட வேண்டும். ஆனால் ருமட்டாய்டு கைக்கு ஒரு வித்தியாசம் உண்டு. விரலால் இறுக்கிப் பிடித்து இழுப்பது அவர்களுக்கு முடியாது, மணிக்கட்டும் தாங்காது. செங்குத்துக் கம்பியைவிடப் படுக்கைவசத்தில், உட்கார்ந்திருக்கும்போது முழங்கை உயரத்துக்கு ஒன்று வைத்தால் முன்கையை அதன் மேலே கிடத்தி அழுத்தி எழலாம். கம்பி ஒல்லியாக இருந்தால் ஏ.சி. செப்புக்குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம் குழாயை மாட்டி மேலே டேப் சுற்றுங்கள். தடிமன் கூடினால் பிடிக்க விரலை முழுக்க மடக்க வேண்டியதில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மிச்சமிருக்கும் துண்டை மக் கைப்பிடியிலும் மாட்டுங்கள்.

கழுவுவது: துப்பாக்கி மாதிரி அழுத்துகிற ஹெல்த் ஃபாசெட் இந்த விரல்களுக்கு ஆகாது. இருக்கையிலேயே பொருத்தி, பக்கவாட்டில் திருகும் ஸ்பிரே வகை நல்லதுதான், ஆனால் அதற்குத் தண்ணீர் அழுத்தம் வேண்டும். ஒற்றை மாடி வீட்டுத் தொட்டி 10 அடி உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் அழுத்தம்தான், பீய்ச்சாது, ஒழுகும். அந்த வீட்டுக்குப் பூச்செடிக்கு ஊற்றும் நீள மூக்குப் பூவாளி போதும். ஒரு லிட்டர் அளவுள்ளதில் பாதி மட்டும் நிரப்புங்கள். குழாய்த் திருகை மாற்றிக் கால் சுற்றில் திறக்கும் நீளக் கைப்பிடி வால்வு போட்டால் முழங்கையாலேயே திறக்கலாம்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்து கதவை உடம்பால் அடைத்துக்கொண்டால் யாராலும் உதவ முடியாது. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, ஆள் இருக்கிறார் என்று தெரிய வெளியே ஒரு துண்டு தொங்க விடுங்கள். லைட் சுவிட்ச் வெளியில். மிதியடி விரிக்கவே கூடாது, தடுக்கும்.

ராத்திரிக்குக் கொல்லை வேண்டாம். கட்டில் பக்கத்தில் வாளி வைத்த கமோடு நாற்காலி. சக்கரம் இல்லாததாக வாங்குங்கள்; இருந்தால் பூட்டு நாலும் வேலை செய்ய வேண்டும். வாளியில் ஒரு அங்குலம் தண்ணீர் விட்டு வைத்தால் ஒட்டாது, கழுவ எளிது.

பாவாடை நாடாதான் பல சமயம் அந்தக் கடைசி ஒரு நிமிடத்தைத் தின்கிறது. எலாஸ்டிக் அல்லது வெல்க்ரோ தைத்துவிடச் சொல்லுங்கள். வெளியூர் போகும்போது டயப்பர் தேவைப்பட்டால் பக்கத்தில் டேப் ஒட்டுவது வேண்டாம், ஜட்டி மாதிரி இழுத்துப் போடும் வகை.

பனகல்ரோடு பார்மசி

ரசமட்டம் சொன்ன உயரக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உட்கார்ந்த பிறகு காலுக்கு அடியில் 4–6 அங்குலப் பலகை வைத்து, முன்னால் சாய்ந்து முன்கைகளைத் தொடையில் ஊன்றினால் குத்தவைத்த நிலை கொஞ்சம் கிடைக்கும், மலம் சுலபமாக இறங்கும். எழும் முன் பலகையைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்கு இந்தப் பலகை கூடாது. சர்ஜன் அனுமதிக்கும் வரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. அவர்களுக்கு உயர்ந்த இருக்கை மட்டும்தான்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடல் நன்றாக அசைவது காலையில் எழுந்த பிறகும் சாப்பிட்டு 20–30 நிமிடத்துக்குள்ளும். முடக்குவாத மூட்டு மிகவும் இறுகியிருப்பதும் அதே காலைப்பொழுதுதான், ஒரு மணி நேரத்துக்கு மேலேயே இறுக்கம் நிற்கும். உந்துதல் வரும், உடம்பு வராது. அந்த உந்துதலைத் தினமும் தவறவிட்டால் மலக்குடல் சொல்வதையே நிறுத்திவிடும். அதனால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் எழுப்பி, படுக்கையிலேயே சூடாகக் குடிக்க ஏதாவது, வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரல் மடக்கி நீட்டுவது, கட்டிலில் உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்குவது. பிறகு காலைச் சாப்பாடு, அரை மணி கழித்துக் கமோடு. பத்து நிமிடம் உட்கார்ந்து வரவில்லையென்றால் எழுந்துவிட வேண்டும், முக்கிக்கொண்டே இருக்க வேண்டாம். இதற்காக வலி மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள்.

திருமங்கலத்துக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாலு சந்தேகம். ஒண்ணு, மலம் கறுப்பா போகுது, பயப்படணுமா? ரெண்டு, சித்தி விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்றாங்க, நாட்டு மருந்துக்கடையில நிலாவாரைப் பொடியும் இருக்கு. மூணு, நெசமாவே வயித்தால போற நாள்ல ஞாயித்துக்கிழமை மாத்திரை கொடுக்கலாமா? நாலு, ஓ.ஆர்.எஸ். சர்க்கரை உள்ளவங்களுக்கு ஆகுமா?

பனகல்ரோடு பார்மசி

கறுப்பு: இரும்பு மாத்திரையால் வருவது கரும்பச்சை அல்லது கறுப்பு, வடிவம் வழக்கம் போலவே இருக்கும். தார் மாதிரி பளபளத்து, ஒட்டி, குப்பென்று கெட்ட நாற்றம் அடித்தால் அது இரைப்பையில் ரத்தம் கசிவது. கூடவே தலைசுற்றல், வியர்வை இருந்தால் காத்திருக்காமல் 108. வலி மாத்திரைகளான டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரி எதையாவது அம்மா இடையில் தானாக வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் விசாரியுங்கள். “மூட்டுவலிக்கு உடனடி நிவாரணம்” என்று பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிதல்ல. ஸ்டீராய்டு வயிற்றுக்குள் நடக்கும் ஆபத்தின் வலியையும் காய்ச்சலையும் மறைத்துவிடும். அப்படி ஏதாவது சாப்பிடுவது தெரிந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் பொட்டலத்தோடு போங்கள்.

விளக்கெண்ணெய் வேண்டாம். பிடித்து இழுத்துத் தண்ணீராகப் போக வைக்கும், பொட்டாசியம் குறையும். நீர் மாத்திரையும் சேர்ந்து குறைக்கும். கக்கூஸுக்கு ஓட முடியாதவருக்கு அந்த வேகமே விபத்து. நிலாவாரை வேறு கதை. அது டாக்டர்கள் எழுதும் சென்னாவேதான், டிராமடால் சிக்கலுக்குப் பொருத்தமானதும்கூட. ராத்திரி கொடுத்தால் 6–12 மணி நேரத்தில் காலையில் வேலை செய்யும். பொடியில் அளவு தெரியாது என்பதுதான் குறை. மாத்திரையாக, அளவோடு, அடைப்பு எடுத்த பிறகு. பிசாகோடில் எழுதினாலும் இதே நேரக் கணக்கு. அதைப் பாலோடு கொடுக்கக் கூடாது, மேல் பூச்சு இரைப்பையிலேயே கரைந்து வலிக்கும். லாக்டுலோஸ் 15 மில்லி கொடுத்து மறுநாளே வரவில்லை என்று கோபப்படாதீர்கள், அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். காற்றும் பிரியும்.

மூன்றாவது கேள்விதான் இந்தத் திரியிலேயே முக்கியமானது. உடம்பில் நீர் குறைந்தால் மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். தண்ணீராகப் போகிற வாரத்தில், காய்ச்சலோ வாய்ப்புண்ணோ இருந்தால் இன்னும் நிச்சயமாக, அந்த ஞாயிறு மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள். ஒரு வாரம் தள்ளினால் மூட்டு உடனே கெட்டுவிடாது. டெல்மிசார்டன் நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், வலி மாத்திரை இவற்றையும் அந்த நாட்களில் நிறுத்தி வைக்கணுமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்சேட் தவறுதலாகத் தினமும் உள்ளே போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. போக்கோடு வாய் முழுக்கப் புண் என்றால் முதலில் அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஓ.ஆர்.எஸ். தாராளமாக. உலக சுகாதார நிறுவன அளவில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஒவ்வொரு போக்குக்கும் 200 மில்லி என்றால் 3 கிராமுக்கும் குறைவு. பாக்கெட் 1 லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று படித்துவிட்டுக் கலக்குங்கள். பெரிய பாக்கெட்டில் பாதியைப் போட்டு மீதியை மடித்து வைப்பது கூடாது. பழச்சுவை டெட்ரா பாக்கெட் எல்லாம் இதில் சேராது.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்கு நோயெதிர்ப்பு குறைவு. திருவிழா நேரத்து நீர்மோர்ப் பந்தல், வண்டியில் வெட்டி வைத்த பழம், நேற்றைய சட்னி, இதெல்லாம் மற்றவர்களுக்கு ஒருநாள் தொல்லை, அவருக்கு ஆஸ்பத்திரி.

வடக்குமாசி

இடையில வேற ஒரு கேள்வி. 29 வயசுத் தம்பிக்கு முதுகெலும்பு வாதம், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். ரெண்டு மாசமா போக்கு, சளியும் ரத்தமும் கலந்து. ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சும் போறான். மூலம்னு சொல்லிக் களிம்பு போடுறான்.

பனகல்ரோடு பார்மசி

இது மூலம்தான் என்று நிரூபணமாகும் வரை குடல் அழற்சி நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் தூக்கத்திலிருந்து எழுப்பாது. அந்த முதுகு வாதமும், குடல் அழற்சி நோய்களான குரோன், அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் ஒரே குடும்பம். ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தச் சோதனை, மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியில் ஏறும் புரதம்), அதன்மேல் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பார்க்கும் கொலோனோஸ்கோபி. கால்ப்ரொடெக்டின் வலி மாத்திரையாலும் ஏறும், அதைச் சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். நம் நாட்டில் குடல் காசநோயும் பார்வைக்கு அப்படியே குரோன் மாதிரி இருக்கும், சதைப் பரிசோதனை அவசியம். குரோனுக்குக் கொடுக்கும் மருந்து காசநோயைக் கிளப்பிவிடும். வாத டாக்டரிடம் இந்த ரத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஊசி மருந்துத் தேர்வே மாறும்: அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் முதுகுக்கும் குடலுக்கும் ஆகும், எட்டனர்செப்ட் குரோனுக்கு உதவாது, செக்குகினுமாப் குடலைக் கெடுக்கலாம். களிம்பைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எந்த வாத நோயாளிக்கும்: திடீரென்று மலமோ சிறுநீரோ தன்னை அறியாமல் போய், உட்காரும் இடம் மரத்து, கால் பலம் குறைந்தால் அது வயிற்றுப் பிரச்சினை இல்லை, முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவது. அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு.

திருமங்கலத்துக்காரி

நாளைக்கு எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போறோம். டிராமடால், இரும்பு, கால்சியம், தைராய்டு, விரல் சோதனைன்னு தாள்ல எழுதியாச்சு. நடக்கவே முடியாத நாளைக்கு வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா?

கேப்பைக்கூழ்

அரசின் மக்களைத் தேடி மருத்துவம், 2021-ல் ஆரம்பித்தது, சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வரும்போது வயிறு தடவும் முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்: வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே, குறுக்கே இடதுபக்கம், பிறகு கீழே. விரலால் முடியாவிட்டால் முன்கையால். ஐந்திலிருந்து பத்து நிமிடம்.

திருமங்கலத்துக்காரி

ரசமட்டம் அண்ணே, கக்கூஸ் சுவர் ஹாலோ பிளாக். ஆங்கர் போல்ட் பிடிக்குமா?

ரசமட்டம்

சாதா ஆங்கர் பிடிக்காது, பிளாக்கின் ஓட்டைக்குள் விரிய இடம் கிடைத்து ஆடும். இரண்டு வழி. ஓட்டைக்குள் சல்லடைக் குழாய் விட்டுக் கெமிக்கல் ஆங்கர் போடுவது. இல்லையென்றால் சுவரின் வெளிப்பக்கம் ஒரு இரும்புப் பட்டை வைத்து, போல்ட்டை முழுக்கத் துளைத்து வாஷர் போட்டு முடுக்குவது. கொல்லைக் கக்கூஸ் என்பதால் வெளிப்பக்கம் போக முடியும், இதுதான் மலிவும் உறுதியும். பட்டைக்குத் துரு பிடிக்காமல் ரெட் ஆக்சைடு அடியுங்கள். கெமிக்கல் என்றால் டியூபில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேலேயே, ஒருநாள் முழுக்க, இறுக விடுங்கள். அப்புறம் அம்மாவைவிடக் கனமான ஆள் யாராவது முதலில் ஊன்றிப் பார்க்கட்டும்.